கண்ணால் சரிபார்க்க முடியாதவனுக்கு மெர்லின் ஆப் எந்த அளவுக்கு ஆகும்?

மெர்லின் பேர்டு ஐடி பற்றி நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. இலவசம், விளம்பரம் இல்லை, போனை நீட்டினால் கூவுவது என்ன பறவை என்று சொல்லிவிடும், அமெரிக்காவில் கார்னெல் பறவையியல் ஆய்வகத்தார் செய்தது, 2014-லிருந்து இருக்கிறது, ஒலியை வைத்துக் கண்டுபிடிக்கும் சவுண்ட் ஐடி மட்டும் 2021-ல் சேர்ந்தது. இதெல்லாம் தெரிந்த கதை. அந்த விமர்சனங்களில் முக்கால்வாசி ஒரே இடத்தில் போய் முடியும்: ஆப் சொல்வதை அப்படியே நம்பாதீர்கள், பறவையைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நல்ல அறிவுரைதான், ஆனால் எனக்குச் செல்லாது. எனக்கு இரண்டு கண்ணிலும் மாகுலா, அதாவது விழித்திரையின் நடுப்பகுதி, கெட்டுப்போய்விட்டது. நேராக எதைப் பார்த்தாலும் அதன் நடுப்பகுதி, ஈரக் கண்ணாடியில் விரல் வைத்துத் தேய்த்த மாதிரி கலங்கிப்போகும். ஓரப் பார்வை இருக்கிறது. ஆகவே ஏதோ ஒன்று பறந்ததும், எந்தப் பக்கம் போனது என்பதும் கூட வருபவர்களுக்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிடும், என்ன பறவை என்பதுதான் தெரியாது. முகத்தைக் கொஞ்சம் திருப்பி ஓரத்தால் பார்க்கப் பழகியிருக்கிறேன், அதில் கொக்கும் காக்கையும் பிரியும், சிட்டும் தேன்சிட்டும் பிரியாது. அப்படிப்பட்ட ஆள் இந்த ஆப்பை வைத்துக்கொண்டு நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் என்ன செய்ய முடிகிறது என்று எழுதினால் நாலு பேருக்கு உதவும்.

முதலில் வேலை செய்யும் விதம். நாம் ஒலியைப் பதிவு செய்யும்போது ஆப் அதை ஒரு படமாக மாற்றிக்கொள்கிறது, குறுக்கே நேரம், மேலே போகப் போக சுருதி. அந்தக் கோடுகளின் வடிவத்தை, ஏற்கெனவே ஆயிரக்கணக்கான பதிவுகளிலிருந்து கற்றுக்கொண்ட வடிவங்களோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது. நாம் நிற்கும் இடத்தில், இந்த மாதத்தில் எந்தெந்தப் பறவைகள் வழக்கமாக இருக்கும் என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு, கண்ட கேட்ட பறவைகளைப் பதிந்து வைக்கும் ஈபேர்டு என்ற இணையதளத்தில் மக்கள் போட்ட பட்டியல்களிலிருந்து வருவது. அதாவது நாம் பட்டியல் போடப் போட நம் ஊருக்கு அது கெட்டிப்படும். கேட்ட பறவையையும் ஈபேர்டில் சேர்க்கலாம், பார்த்தால்தான் கணக்கு என்று ஒன்றுமில்லை. இது தெரியாமல் எத்தனையோ பேர் கண் போனதோடு பறவையையும் விட்டுவிடுகிறார்கள்.

தேரூர் குளக்கரைதான் எனக்குப் பரிசோதனைக்கூடம். சுசீந்திரம் தேரூர் ஈரநிலமும் வேம்பனூரும் 2022-ல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன, அதற்கப்புறம் பைனாகுலரோடு வருகிறவர்கள் கூடிவிட்டார்கள், ஆனால் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் நான்தான். டீக்கடைக்காரர் கேட்டே விட்டார்: "அண்ணாச்சி, செல்லை ஆகாசத்துக்குக் காட்டிட்டு நிக்கியளே, டவர் கிடைக்கலியா?" காலை ஆறு ஆறரைக்கு, வண்டிச் சத்தம் தொடங்கும் முன் நின்றால் ஆப் சளைக்காமல் பெயர்களை அடுக்கும். குயில், செம்போத்து, வால்காக்கை, தையல்சிட்டு, வெண்மார்பு மீன்கொத்தி, ஆளைக் கண்டதும் கத்தித் தீர்க்கும் ஆள்காட்டி, தண்ணீர்ப் பக்கமிருந்து முக்குளிப்பானின் நடுங்கும் குரல், கரையோரப் புதரிலிருந்து கானாங்கோழி. ஒரு பறவை மறுபடி கூப்பிட்டால் பட்டியலில் அதன் வரி மஞ்சளாக மின்னும். எனக்கு எழுத்து தெரியாது, மஞ்சள் தெரியும். பட்டியலில் மேலிருந்து மூன்றாவது எது என்று, திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் டாக்பேக் வாசித்ததை மனதில் வைத்துக்கொண்டால் மூன்றாவது இடம் மின்னும்போது இப்போது கூப்பிடுவது இன்னார் என்று பிடித்துக்கொள்ளலாம். இதை யாரும் சொல்லித் தரவில்லை, இப்படி ஒரு வசதி என்று நினைத்து அவர்கள் வைத்திருக்கவும் மாட்டார்கள்.

டாக்பேக், அல்லது ஐபோனில் வாய்ஸ்ஓவர் வைத்துப் பயன்படுத்துகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசிக்கும் குரல் ஸ்பீக்கரில் வந்தால் அதுவும் பதிவில் ஏறும், பறவைக் குரல் அதற்கடியில் போய்விடும். இயர்போன் கட்டாயம். ஆனால் மைக் உள்ள இயர்போனைச் செருகினால் சில போன்கள் அந்த மைக்கை எடுத்துக்கொள்ளும், அது நம் சட்டைப் பொத்தானோடு உரசிக்கொண்டு கிடக்கும். மைக் இல்லாத மலிவு இயர்போன் போதும், அதிலும் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது பறவைக்கு.

இனி அந்த உறுதி செய்யும் பிரச்சினை. கண் இல்லாமல் எப்படி? பட்டியலில் வந்த பெயரைத் தட்டினால் அந்தப் பறவையின் மாதிரிப் பதிவுகளைக் கேட்கலாம், பாட்டு வேறு, எச்சரிக்கைக் குரல் வேறு என்று. நான் பதிவு செய்ததையும் போட்டுக் கேட்டு, மாதிரியையும் கேட்டு, மாற்றி மாற்றிக் கேட்டுப் பார்ப்பேன். பார்வையுள்ளவர்கள் இந்தப் பகுதியை அநேகமாகத் திறப்பதே இல்லை, பெயர் வந்ததும் பைனாகுலரைத் தூக்கிவிடுகிறார்கள். எனக்கு இதுதான் ஆப்பின் உயிர். (தயவுசெய்து மாதிரியை ஸ்பீக்கரில் போடாதீர்கள். தன் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான் என்று பறவை பதறிப்போய்த் தேடும், கூடு கட்டும் காலத்தில் அது பெரிய தொல்லை.)

அப்புறம் இடம், நேரம், உயரம். குரல் தண்ணீர் மட்டத்திலிருந்து வந்ததா, தென்னை உச்சியிலிருந்தா, ஒரே இடத்தில் நின்று கூப்பிட்டதா, நகர்ந்துகொண்டே போனதா? இதெல்லாம் காது சொல்லும், ஆப் சொல்லாது. அதற்குத் திசை கிடையாது. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு நொடி வந்த பெயரை நான் பட்டியலில் போடுவதில்லை. திரும்பத் திரும்ப அதே பெயர் வந்து, மாதிரியோடும் பொருந்தி, இருக்க வேண்டிய இடத்திலும் இருந்தால் சேர்ப்பேன். பார்வையுள்ள பலர் அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் போடும் பெயரை விட என் பட்டியல் சுத்தம் என்று கொஞ்சம் திமிராகவே சொல்லிக்கொள்கிறேன்.

இன்னொரு வழி மருமகன். லீவு நாளில் கூட வருவான். ஆரம்பத்தில் "மாமா, அந்தா அந்தக் கொப்புல" என்பான், அந்தா எந்தா என்று யாருக்குத் தெரியும். இப்போது கடிகாரக் கணக்கில் சொல்கிறான், பத்து மணிப் பக்கம், தென்னைக்குக் கீழே. அவனுக்குப் பறவைப் பெயர் தெரியாது, அதனால் என்ன, கேள்வி கேட்க எனக்குத் தெரியும். "மூக்கு என்ன கலர்லே?" "கறுப்பு மாமா." "காலு?" "காலும் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சளா இருக்கு." சின்னக் கொக்கு, எழுதிக்கோ. கண் அவனுடையது, பறவை என்னுடையது.

காலத்துக்குக் காலம் ஆப்பின் பயன் மாறும். நம்ம ஊரில் ஆனி ஆடிக் காற்று எப்படி என்று சொல்ல வேண்டாம், ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றில்தான் முப்பந்தல் காற்றாலைகள் ஓடுகின்றன. தோவாளைப் பக்கம் அந்த மாதங்களில் போனை நீட்டினால் மைக்கில் காற்று இரைவதுதான் பதிவாகும். அது ஆப்பின் குற்றமில்லை, எந்த மைக்கானாலும் அப்படித்தான். காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, போனை நெஞ்சோடு மறைத்துப் பிடித்தால் கொஞ்சம் தேறும். மணக்குடியில் அலை, காளிகேசத்தில் ஆற்றுச் சத்தம். ஆனால் காளிகேசத்தில் ஒரு சந்தோஷம் உண்டு, சீகாரப் பூங்குருவி. விடியற்காலையில் ஓடைப் பக்கத்தில் யாரோ பையன் வேலையற்றுச் சீட்டியடித்துக்கொண்டு போகிற மாதிரியான அந்தக் குரல் தண்ணீர் இரைச்சலுக்கு மேலே ஏறி நிற்கும். அதற்கு ஆப்பும் வேண்டாம், கண்ணும் வேண்டாம்.

காட்டுப் பக்கம் ஆப்பை ஏமாற்றுவதற்கென்றே ஒருவன் இருக்கிறான், துடுப்புவால் கரிச்சான். மற்ற பறவைகளின் குரலை அப்படியே எடுத்து விடுவான், கழுகின் குரல் உட்பட. கீரிப்பாறைப் பக்கம் ஒரே மரத்திலிருந்து கழுகும் மைனாவும் இன்னும் நாலு பேரும் அடுத்தடுத்துக் கூப்பிடுகிறார்கள் என்று பட்டியல் காட்டினால் சந்தேகப்படுங்கள். ஒரே இடம், ஒரே உயரம், நடுநடுவே கரிச்சானுக்கே உரிய உலோகச் சத்தம். இதைப் பிடிக்கத் திசை தெரிந்த காது வேண்டும்.

இலைக் கதிர்க்குருவிகளைப் பற்றிச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பச்சைக் கதிர்க்குருவியும் அதன் பெரிய அலகுச் சொந்தக்காரரும் குளிர்காலத்தில் வடக்கேயிருந்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வருகிறவை. இரண்டும் சின்னது, இரண்டும் பச்சை, இரண்டும் இலைக்குள்ளேயே திரியும், நல்ல கண்ணும் விலையுயர்ந்த லென்சும் வைத்திருப்பவர்களே கடைசியில் குரலை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். அங்கே நானும் அவர்களும் ஒரே வரிசை. ராத்திரி என்றால் இன்னும் வசதி, ஆந்தைக்கும் பக்கிக்கும் எல்லாருமே என் கட்சி.

ஆப் கொஞ்சமும் உதவாத இடம் புத்தளம் உப்பளம். அங்கே வருகிற பெரிய பறவைகள் அதிகம் வாய் திறப்பதில்லை. மஞ்சள்மூக்கு நாரை கிட்டத்தட்ட ஊமை, கூட்டில் அலகைத் தட்டுவதோடு சரி. கூழைக்கடாவும் அப்படித்தான். நத்தைக்குத்தி நாரையிடமும் பேச்சை எதிர்பார்க்க முடியாது. பூநாரை வரும் காலத்தில் வந்தால் வெள்ளைப் பாத்திக்கு நடுவே நீண்ட கால்மேல் ஒரு ரோஸ் நிறத் திட்டு, அது என் கண்ணுக்கும் தெரிகிறது. இங்கே ஆப்பை மூடிவிட்டுப் பைனாகுலரை எடுக்க வேண்டும்.

கண் மங்கினவர்களுக்குப் பைனாகுலர் எதற்கு என்பார்கள். நடுப்பார்வை போனவருக்குப் பிம்பம் பெரிதானால் கலங்கின திட்டு அதில் சின்னப் பங்காகிவிடும், அதுதான் லாபம். ஆனால் பெரிதாக்கினால் போதும் என்பதில்லை. ஒரு கடையில் எனக்கு இருபது மடங்கு தான் சரி என்று அடித்துச் சொன்னார்கள், கை நடுக்கமும் இருபது மடங்காகும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நான் வைத்திருப்பது 8x42, அதாவது எட்டு மடங்கு, முன் கண்ணாடியின் அகலம் 42 மில்லிமீட்டர். இரண்டாவது எண்ணை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் அகலம், 5.25 மில்லிமீட்டர். பையில் போடுகிற 10x25-க்கு 2.5 தான், விடியற்காலையில் இருட்டாக இருக்கும். சுரங்கத்துக்குள் பார்க்கிற மாதிரி ஓரப் பார்வை போனவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்களுக்கு மடங்கு குறைவாகவும் பரப்பு அகலமாகவும் இருப்பது நல்லது. லோ விஷன் கிளினிக்கில் கேட்டுவிட்டு வாங்குங்கள். உப்பளக் கூச்சத்துக்குத் தொப்பியும் மஞ்சள் சாயக் கண்ணாடியும் மறக்கக் கூடாது.

மதிப்பெண் கேட்டால், தேரூரில் ஐந்துக்கு நாலரை, காட்டில் நாலு, ஆடி மாதம் தோவாளையில் ஒன்று, புத்தளத்தில் பூஜ்யம். காசு கொடுத்து வாங்க வேண்டிய பொருளாக இருந்தாலும் வாங்கியிருப்பேன்.

ஒன்று மட்டும். நம் பகுதிப் பறவைகளின் தகவல் தொகுப்பான பேர்டு பேக்கை வீட்டு வைஃபையில் முன்னாலேயே இறக்கிவிடுங்கள், அதன் பிறகு நெட் இல்லாமலே வேலை செய்யும். கீரிப்பாறை போய் நின்றுகொண்டு இறக்கலாம் என்று நினைத்தால், டீக்கடைக்காரர் கேட்ட கேள்வி அங்கே நிஜமாகிவிடும்.