மரப்பாச்சிக்கு உடை: ஒட்டுவதா, வாங்குவதா, தைப்பதா?

மகாளய அமாவாசை நெருங்கியதும் பரணிலிருந்து இறங்கும் பெட்டியில் முதலில் கை தேடுவது மரப்பாச்சி ஜோடியைத்தான். கொலுவில் இருக்கும் மற்ற பொம்மைகள் எல்லாம் உடையோடே பிறந்தவை. களிமண்ணிலும் காகிதக் கூழிலும் வண்ணத்தில் தீட்டிய புடவை என்றைக்கும் கலையாது. மரப்பாச்சிக்கு மட்டும் ஒவ்வோர் ஆண்டும் நாம் உடுத்திவிட வேண்டும். துணியை மடித்துப் பசை போட்டு ஒட்டுவது, தைத்த உடையைக் கடையில் வாங்குவது, வீட்டில் தைப்பது என்று இதற்கு மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. தைப்பதிலும் கையாலா மெஷினிலா என்ற கேள்வி உண்டு.

நான் கைத்தையல் கட்சி. காரணம் எளிது: உடை என்றால் அவிழ்க்க முடிய வேண்டும். பழசைக் களைந்து, பொம்மையைத் துடைத்து, புதுசு உடுத்துவதில்தான் மரப்பாச்சியின் மகிழ்ச்சியே இருக்கிறது. ஆனால் மற்ற வழிகள் சில இடங்களில் கைத்தையலை வெல்கின்றன. அவற்றையும் சொல்கிறேன்.

எதைத் தேர்ந்தெடுப்பதற்கும் முன்னால் பொம்மையின் உடம்பைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் விளையாடும் பார்பி பொம்மைக்கு உயரம் பதினொன்றரை அங்குலம். தோளில் கை சுழலும். சட்டைக்குள் கையை நுழைத்துவிடலாம். மரப்பாச்சி ஒரே கட்டையில் செதுக்கியது. பெரும்பாலான பொம்மைகளில் கை உடம்போடு ஒட்டியே இருக்கும். அதனால் சட்டைக்கை என்ற ஒன்றை மாட்ட வழியில்லை. தலை பெரியது, கொண்டை வேறு, ஆகவே தலை வழியாகவும் எதுவும் இறங்காது. சில பொம்மைகளுக்குக் காலடியில் பீடமும் இருப்பதால் கீழிருந்து ஏற்றுவதும் சிரமம். முன்பக்கமாக வைத்துச் சுற்றி, முதுகில் முடிவது ஒன்றுதான் மரப்பாச்சிக்குப் பொருந்தும் உடை. இதை மறந்துவிட்டு, மனிதருக்குத் தைக்கும் ரவிக்கையைச் சின்னதாக வெட்டித் தைப்பவர்களின் உழைப்பு வீணாகிறது.

முதலில் பசை. அதன் பலம் வேகம். கால் அங்குல மடிப்புகளாகக் கொசுவம் வைத்து, ஒவ்வொரு மடிப்பின் உள்ளேயும் ஒரு பொட்டுப் பசை தடவினால் மடிப்பு விறைப்பாக நிற்கும், எந்தப் பக்கமும் பிதுங்காது. நாலு அங்குலத்துக்கும் குறைவான குட்டிப் பொம்மை என்றால் நானும் பசையைத்தான் சொல்வேன். அந்த அளவில் தையலின் முடிச்சே கொசுவத்தைவிடத் தடிமனாகத் தெரியும்.

ஆனால் எட்டு அங்குலம், பத்து அங்குலப் பொம்மைக்குப் பசை துரோகம் செய்கிறது. வெள்ளைப் பசையை மெல்லிய பட்டு உறிஞ்சிக்கொள்கிறது. காய்ந்த பிறகு அந்த இடம் மட்டும் கருத்துத் தெரியும். சூட்டுப் பசைத் துப்பாக்கியால் வைப்பது உறைந்து உருண்டையாக நிற்கும். வெயில் காலத்தில் பரணில் கிடக்கும்போது இளகித் துணி நழுவும். மெருகு போட்ட பொம்மையில் பசையைப் பெயர்த்தால் மெருகும் கூடவே உரிந்து வரும். மெருகில்லாத பழைய பொம்மையில் அது மரத்தின் ரேகைகளுக்குள் இறங்கிவிடுகிறது. வெந்நீரில் ஊறவைத்து எடுக்கலாம் என்றால், ஈரம் பட்டதும் மரத்தின் நார் சிலிர்த்துச் சொரசொரப்பாகிவிடும்.

பாட்டி வழியாக வந்த செம்மரப் பொம்மை என்றால் பசை வைக்கவே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செம்மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. இன்று விற்கும் மரப்பாச்சிகளில் பல வேறு மரத்தில் செதுக்கிச் சிவப்புச் சாயம் ஏற்றியவை. பழைய செம்மரப் பொம்மையைக் கல்லில் இழைத்து மருந்தென்று நம்பிக் குழந்தைகளுக்குப் பூசிய வீடுகள் பல. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்த ஜோடி அது. அதன்மேல் பசைக் கறை படிவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை.

கடைக்கு வருவோம். நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடந்தால் பொம்மைகளுக்கு நடுவே கிரீடம், ஜடை, ஒட்டியாணம், மாலை என்று அலங்காரச் சாமான்கள் குவிந்திருக்கும். அவற்றைத் தாராளமாக வாங்கலாம். அரை அங்குல ஒட்டியாணத்தை வீட்டில் செய்ய உட்கார்ந்தால் ஒரு நாள் போய்விடும். உடையைப் பற்றி என் கருத்து வேறு. மரப்பாச்சி கையால் செதுக்கியது. ஒரே ஜோடியில்கூட இரண்டு பொம்மைகளுக்கு இடுப்புச் சுற்றளவு ஒன்றாக இருக்காது. கடை உடை ஒரு சராசரி அளவுக்குத் தைத்தது. தோளில் தொங்கும், அல்லது முதுகில் இரண்டு பக்கமும் சேராது. வரலட்சுமி விரதத்துக்கென்று கொசுவம் வைத்து விற்கும் புடவையை மரப்பாச்சிக்கு வாங்கி வருபவர்கள் உண்டு. அது கலசத்தின் அகலத்துக்குத் தைத்தது, பொம்மையை மூழ்கடித்துவிடும். குழந்தைக் கிருஷ்ணர் விக்கிரகத்துக்கு எண் போட்டு விற்கும் வட்டப் பாவாடையும் அப்படித்தான். தவழும் விக்கிரகத்தைச் சுற்றி அழகாக விரியும். நிற்கும் பொம்மைக்கு அது குடையாகிவிடுகிறது. துணியும் பெரும்பாலும் சாட்டின், வலை, மேலே ஒட்டிய கல். முதல் ஆண்டு மினுங்கும், அடுத்த ஆண்டு பெட்டியைத் திறந்தால் கல் ஒரு பக்கம், துணி ஒரு பக்கம்.

நேரமே இல்லாத வீட்டுக்குக் கடை உடை கை கொடுக்கும். வாங்குவதென்றால் அளவில் பெரியதாகவே வாங்குங்கள். பெரியதை முதுகில் பிடித்துத் தைக்கலாம். சின்னதை என்ன செய்தாலும் நீட்ட முடியாது.

இனி கைத்தையல். எட்டு அங்குலப் பெண் பொம்மைக்குப் புடவை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஐந்தடி நாலு அங்குலப் பெண்ணோடு ஒப்பிட்டால் பொம்மை எட்டில் ஒரு பங்கு. ஐந்தரை மீட்டர் புடவையை அதே கணக்கில் சுருக்கினால் நீளம் 27 அங்குலம், அகலம் ஐந்தரை அங்குலம் வரும். அகலம் சரி. நீளத்தை அப்படியே வெட்டிவிடாதீர்கள். எல்லாமே எட்டில் ஒன்றாகச் சுருங்கினாலும் துணியின் கனம் மட்டும் சுருங்குவதில்லை. 27 அங்குலத்தையும் சுற்றினால் பொம்மைக்கு வயிறு வந்துவிடும். இடுப்பு ஐந்து அங்குலச் சுற்றளவு என்றால் 18 அங்குலம் போதும்: ஒரு சுற்று, கால் அங்குல மடிப்புகள் ஐந்து, முன்பக்கம் ஒரு முக்கால் சுற்று, மீதி முந்தானை.

துணிக்கு நான் முதலில் தேடுவது பழைய வேட்டி அல்லது அங்கவஸ்திரத்தின் கரைப் பக்கம். நம் புடவையின் நாலு அங்குலக் கரை பொம்மைக்கு அரை அங்குலமாக வர வேண்டும். பட்டுப் புடவையின் கரையை வெட்டி வைத்தால் பாதிப் பொம்மை கரையாகிவிடும். மெல்லிய வேட்டிக் கரையோ அந்த அளவுக்கே நெய்தது போல இருக்கும். இன்னொரு லாபமும் உண்டு. கரைப் பக்கம் நெசவிலேயே முடிந்திருப்பதால் பிரியாது. கீழ் ஓரத்தை மடித்துத் தைக்கும் வேலை அடியோடு மிச்சம். முந்தானை முனையில் நாலைந்து ஊடை (குறுக்கு) இழைகளை ஊசி நுனியால் உருவிவிட்டால் பாவு (நெடுக்கு) இழைகள் குஞ்சமாக நிற்கும். மேல் ஓரம் உள்ளே போய்விடுகிறது, அதையும் மடிக்க வேண்டாம். ஒரு புடவைக்கு மடிப்புத் தையலே இல்லை என்றால் எவ்வளவு மெலிதாக விழும் என்று உடுத்திப் பார்த்தால்தான் தெரியும்.

மடிப்புகளை விரலால் நீவி, அவற்றின் மேல் ஓரத்தில் நூலோட்டி, கால் அங்குல நாடாவோடு சேர்த்துக் கெட்டித்தையல் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் குத்தி எடுக்கும் தையல்) போடுங்கள். நாடாவின் இரண்டு முனைகளும் முதுகில் முடிந்துகொள்ள நீளமாக இருக்கட்டும். ரவிக்கைக்குத் தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு பட்டைத் துணி; அது கைகளையும் மார்பையும் சேர்த்தே மூடும். அந்தப் பட்டைமேல் முழங்கைக்கு மேலே ஒரு வரி ஜரிகையைக் குறுக்காகத் தைத்துவிட்டால் பார்க்கிறவர் கண்ணுக்கு அது சட்டைக்கையின் ஓரமாகிவிடுகிறது. முந்தானையைத் தோளில் ஒரே ஒரு தையலால் ரவிக்கையோடு பிடித்தால் போதும்.

கைத்தையலின் பலம், தைத்துக்கொண்டிருக்கும்போதே பொம்மைமேல் வைத்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்பது. பொம்மையின் ஒரு தோள் சற்று இறங்கியிருந்தால் அந்தப் பக்கம் ஒரு நூல் இழுத்துக்கொள்ளலாம். கையூசியில் எண் கூடக்கூட ஊசி மெலியும். பத்தாம் எண் பட்டுக்கு இதமாக இருக்கும். மெஷின் ஊசியில் கணக்கு நேர்மாறு: எண் கூடினால் ஊசி தடிக்கும், மெல்லிய துணிக்கு 9 அல்லது 11.

மெஷின் ஜெயிக்கும் இடம் நீளமான நேர்த்தையல். பட்டுப்பாவாடைக்கு ஜரிகை வைத்துத் தைப்பதும், தாம்பூலத்தோடு கொடுக்க ஒரே மாதிரி பத்துப் பாவாடைகள் தைப்பதும் மெஷின் வேலை. சுருக்கம் வைக்க, தையலை மிக நீளமாக வைத்து இரண்டு வரி ஓட்டி, பாபின் நூலை, அதாவது அடி நூலை, இழுத்தால் ஒரே சீராகச் சேர்ந்துவிடும். இடுப்புச் சுற்றளவின் இரண்டரை மடங்கு துணி போதும், மூன்று மடங்கு என்றால் தடிக்கும். மெல்லிய துணியை மெஷின் ஊசித் துளைக்குள் இழுத்துக்கொண்டு கசக்குகிறதா? தினசரி காலண்டரில் கிழித்த தாளை அச்சு கீழே பார்க்கும்படி துணிக்கு அடியில் வைத்துத் தைத்து, பிறகு தாளைக் கிழித்து எடுத்துவிடுங்கள். ஆனால் ரவிக்கையின் வளைவுகளில் மெஷினின் பாதம் திரும்பவே இடம் கிடையாது. அங்கே மெஷினோடு மல்லுக்கட்டுவதைவிடக் கையால் தைப்பது சீக்கிரம் முடியும்.

துணித் தேர்வில் ஒரே விதி: வடிவம் சின்னதாக இருக்க வேண்டும். மதுரைச் சுங்குடியின் புள்ளிகள் பொம்மைக்கென்றே முடிந்தவை போலப் பொருந்தும். செட்டிநாட்டுக் கண்டாங்கி நமக்கு எவ்வளவு கம்பீரமோ, எட்டு அங்குலப் பொம்மைக்கு அவ்வளவு பொருத்தமில்லை; ஒரு கட்டமே உடம்பை மூடிவிடும். பட்டும் சாட்டினும் வெட்டிய ஓரத்தில் பிரியும். பாலியெஸ்டர் என்றால் ஓரத்தை மெழுகுவத்திச் சுடருக்கு அருகே காட்டினால் உருகி அடங்கிக்கொள்ளும். நிஜப் பட்டைக் காட்டினால் முடி கருகும் வாசனையோடு பொசுங்கிவிடும். ஆகவே முதலில் ஓர் இழையைப் பிரித்துச் சோதித்துப் பார்ப்பது நல்லது. சாயம் ஏற்றிய புதுப் பொம்மையாக இருந்தால் வெள்ளைத் துணியை ஈரமாக்கித் துடைத்துப் பாருங்கள். சிவப்பு இறங்கினால் உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றிய பிறகுதான் பட்டு.

முதுகில் மூடுவதற்கு வெல்க்ரோ, பிரஸ் பட்டன், எலாஸ்டிக், நாடா என்று நாலு போட்டியாளர்கள். வெல்க்ரோவின் முரட்டுப் பக்கம் பட்டு இழைகளைக் கவ்வி இழுக்கும். எலாஸ்டிக் பரண் சூட்டில் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். இரும்பு ஊக்கும் மட்டமான பிரஸ் பட்டனும் கடலோர ஈரக்காற்றில் துருப்பிடித்துத் துணியில் கறை வைக்கும். நாடா மட்டும் எதுவும் செய்யாது, அவிழ்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளலாம். பிள்ளைகள் தாங்களே உடுத்திப் பார்க்கும் பார்பிக்கு என்றால் தீர்ப்பு மாறும். நாடா முடிச்சுப் போடத் தெரியாத வயதுக் குழந்தைக்கு வெல்க்ரோதான் வசதி. அதில் பருத்திச் சட்டை தைத்துக் கொடுங்கள், பட்டு வேண்டாம்.

ஆண் பொம்மைக்குத் தையலே தேவையில்லை. கரை உள்ள நீண்ட துணியை இடுப்பில் சுற்றிப் பஞ்சகச்சமாகக் கட்டி, முதுகில் செருகினால் நிற்கும். மேலே ஒரு துண்டு, தலைக்கு ஒரு பரிவட்டம். கால்கள் பிரியாமல் செதுக்கியிருந்தால் கச்சம் கட்ட இடமிருக்காது. அப்போது தட்டுச்சுற்றாக உடுத்தி, நடுவில் கொசுவம் தொங்கவிட்டால் போதும்.

விஜயதசமி கழிந்து பொம்மைகளை உள்ளே வைக்கும்போது கைத்தையல் உடையின் அருமை புரியும். நாடாவை அவிழ்த்து, ஜரிகை மடியாமல் பழைய மல் துணியில் சுருட்டி, நாப்தலின் உருண்டை ஜரிகையைத் தொடாதபடி தள்ளி வையுங்கள். அதற்குப் பதில் ஒரு துண்டு வசம்பு இன்னும் நல்லது. ரவிக்கை வெட்டிய காகித அளவையும் அதே சுருளில் வைத்து, எந்தப் பொம்மைக்கு என்று அதன்மேல் எழுதிவிட்டால், அடுத்த புரட்டாசியில் நேரே கத்தரிக்கோலை எடுக்கலாம்.