சத்துவாச்சாரி வாடகை நூலகமும் பச்சைச் சீட்டும்

வேலூர் சத்துவாச்சாரியில் நான் ஐந்தாண்டுகளாக உறுப்பினராக இருக்கும் வாடகை நூலகத்தில், சென்ற மாதம் முதல் நாவல்களின் முதுகில் வண்ணச் சீட்டு ஒட்டத் தொடங்கியிருக்கிறார்கள். ஒரே கதைமாந்தர் வரும் நூல்களில் எதை முதலில் எடுப்பது என்று வாசகர் தடுமாறக் கூடாது என்பது நோக்கம். மஞ்சள் சீட்டு என்றால் தொடர்ச்சி. பச்சைச் சீட்டு என்றால் 'ப்ரீக்வல் – முன்கதை'. கிழிந்த அட்டைக்குப் பழுப்புத் தாள் போட்டு, நூலின் பெயரை மையால் பொறுமையாக எழுதி வைக்கும் இடம் இது. இந்த அக்கறைக்காகவே பாலாற்றுப் பாலத்தைக் கடந்து காட்பாடியிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் பச்சைச் சீட்டை ஒட்டிய முறை எனக்கு உடன்பாடானதாக இல்லை.

ப்ரீக்வல் என்ற சொல் இரண்டு காலக் கணக்குகளின் மேல் நிற்கிறது. கதை நடக்கும் காலம் முந்தியதாக இருக்க வேண்டும். அது எழுதப்பட்ட காலம் பிந்தியதாக இருக்க வேண்டும். பின்தொடர்தல் என்ற பொருள் கொண்ட லத்தீன் வேரிலிருந்து வந்த 'சீக்வல்' என்ற சொல்லின் பின்பாதியை எடுத்து, 'ப்ரீ' என்ற முன்னொட்டோடு சேர்த்து, 20ஆம் நூற்றாண்டில் ஆக்கிய சொல் அது. 2007இல் வந்த 'பில்லா'வுக்கு 2012இல் வந்த 'பில்லா 2' ப்ரீக்வல். பெயரில் 2 இருந்தாலும் கதை முதல் படத்துக்கு முந்தியது.

இந்தக் கணக்கு புரியாமல்தான் 1806ஆம் ஆண்டு வேலூர்க் கோட்டைச் சிப்பாய்ப் புரட்சி பற்றிய வரலாற்று நூலில், '1857இன் ப்ரீக்வல்' என்று பச்சைச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஜூலை 10 அன்று நம் கோட்டைக்குள் நடந்தது 1857க்கு முன்னோடி. முன்னோடி தானாகவே முன்னால் நடந்துவிடுகிறது; ப்ரீக்வலோ பின்னால் வந்தவர் திரும்பிப் பார்த்துப் படைப்பது. இந்தச் சீட்டை நம் ஊர் நூலகமாவது எடுத்துவிட வேண்டும்.

'சிவகாமியின் சபத'த்தில் ஒட்டியது மிகச் சரி. கல்கி இதழில் 'பார்த்திபன் கனவு' 1941இல் தொடங்கியது. அதற்கு முந்திய காலத்தைச் சொல்லும் சபதம் 1944இல் தொடங்கியது. தமிழில் ப்ரீக்வலுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ஆனால் சீட்டில் சபதத்துக்கு 1 என்றும் கனவுக்கு 2 என்றும் எண் போட்டு, அந்த வரிசையில் படிக்கச் சொல்லியிருப்பது வாசகருக்கு இழப்பு. கனவில் சிறுத்தொண்டரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கே, காஞ்சிக்குப் படிக்க வந்து, மதம் பிடித்த யானையின் மேல் வேல் எறியும் இளைஞன் பரஞ்சோதிதான் பின்னாளில் அந்தச் சிறுத்தொண்டர் ஆகிறவன் என்ற சிலிர்ப்பு முதல் அத்தியாயங்களிலேயே கிடைக்கும். இவன் என்ன ஆகப்போகிறான் என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. ப்ரீக்வலின் சுவை முழுவதும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. எழுதிய வரிசையில் படித்தால்தான் அது கைக்கு வரும்.

'முன்கதை' என்ற சொல்லிலும் சிக்கல் உண்டு. வார இதழ்த் தொடர்கதைகளோடு வளர்ந்த நமக்கு முன்கதை என்றதும் 'முன்கதைச் சுருக்கம்' நினைவுக்கு வரும். நான் நின்றிருந்தபோதே பெரியவர் ஒருவர் சபதத்தின் முதல் பாகத்தை எடுத்து, "சுருக்கம்னு போட்டிருக்கே, இவ்வளவு தடிமனா இருக்கேப்பா?" என்று கேட்டார். ப்ரீக்வல் என்று மட்டும் போட்டு, கீழே 'பிறகு எழுதிய முற்காலக் கதை' என்று ஒரு வரி சேர்த்தால் இந்தக் குழப்பம் வராது.

இதையெல்லாம் உரிமையாளரிடம் சொன்னபோது முகம் சுளிக்காமல் கேட்டுக்கொண்டு, மேசை மேலிருந்த நோட்டில் குறித்துக்கொண்டார். கோட்டை நூலின் சீட்டை என் கண்ணெதிரே நனைத்து உரித்தெடுத்தார். சபதத்தின் எண் மட்டும் இன்னும் மாறவில்லை. புதிதாக உறுப்பினராகிறவர்கள் அந்த எண்ணைப் பொருட்படுத்தாமல் முதலில் கனவைக் கேட்டு வாங்குங்கள்.