உப்புக் காற்றுக்கு எந்தக் கூலர்: டவரா, தண்ணீரா, பெட்டியோடு வந்ததா?

கோர் ஐ7-12700 புரொசசரோடு இன்டெல் பெட்டியில் போட்டுத் தரும் சின்னக் கூலரைக் கழற்றிவிட்டு உலோகத் தகடுகளை உயரமாக அடுக்கிப் பக்கத்தில் ஃபேன் வைத்த டீப்கூல் ஏகே400 டவர் கூலர் பூட்டியிருக்கிறேன். வேலை கல்யாண வீடியோ, கோயில் திருவிழா வீடியோ எடிட்டிங். ரெண்டர் போட்டால், அதாவது எடிட் செய்ததை முழு வீடியோவாக மாற்றும் வேலை கொடுத்தால், புரொசசர் மணிக்கணக்காக முழு மூச்சில் ஓடும். வீடு உப்புவெளியில், கடலுக்குக் கிட்ட, அறையில் ஏசி இல்லை. மாற்றுவதற்கு முன்பு 240 மிமீ தண்ணீர்க் கூலர் (பம்ப் திரவத்தை ஓடவிட, ரேடியேட்டர் என்ற தகட்டுத் தொகுதியில் ஃபேன் அதை ஆற்றும்) எடுப்பதா டவர் எடுப்பதா என்று நிறைய யோசித்தேன். திருமலையில் (திருகோணமலையில்) வேறு பலரும் இதையே கேட்கிறார்கள், அதனால் எழுதி வைக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டவர் பக்கம்.

பெட்டிக் கூலரை ஒரேயடியாகத் தள்ளிவிட வேண்டாம். ஐ5-12400, ரைசன் 5 5600 மாதிரி ஒன்றை வைத்துக்கொண்டு கணக்கு வேலை, பிள்ளைகளின் படிப்பு, சாதாரணக் கேம் என்று பாவிப்பவர்களுக்கு அதுவே காணும். ஐ7-12700க்கும் அடிப்படைக் கணக்கு 65 வாட்தான், ஆனால் டர்போவில், அதாவது தானாக வேகம் கூட்டி ஓடும்போது, 180 வாட் வரைக்கும் இழுக்கும், அந்தச் சூட்டைச் சின்னக் கூலர் தாங்காது. ஆடி மாதம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, அடிக்கும்போது அறையே 33, 34 டிகிரியில் நிற்கும், அதற்கு மேலேதான் புரொசசரின் சூடு ஏற வேண்டும். 100 டிகிரியைத் தொட்டதும் புரொசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ரெண்டர் இழுபடும், ஃபேன் சத்தம் பக்கத்து அறைவரை கேட்கும்.

தண்ணீர்க் கூலர் என்றால் அறையைவிடக் குளிராக ஓடும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. டவரோ தண்ணீரோ, இரண்டும் கடைசியில் சூட்டை அறைக் காற்றிடம்தான் கொடுக்கின்றன, அறைச் சூட்டுக்குக் கீழே எதுவும் இறங்காது. ஆனால் தண்ணீரிலும் உண்மையான நன்மைகள் இருக்கின்றன. திரவம் சூடாக நேரம் எடுக்கும் என்பதால் சின்ன ரெண்டருக்கெல்லாம் ஃபேன் திடீரென்று அலறாது, மதர்போர்டில் பாரம் தொங்காது, கேசிங்குக்குள் பார்க்கவும் வடிவு. நீண்ட ரெண்டரில் அந்தத் திரவமும் சூடேறி ஒரு நிலைக்கு வந்துவிடும், அதன்பிறகு என்னுடையது மாதிரிப் புரொசசருக்கு 240 மிமீக்கும் நல்ல டவருக்கும் இடையில் சில டிகிரிதான் வித்தியாசம். விலையோ பெரும்பாலும் இரண்டு மடங்கு, சிலவேளை அதற்கும் மேல்.

சரி, விலையும் டிகிரியும் ஒருபக்கம் இருக்கட்டும். என்னை டவர் பக்கம் தள்ளியது துப்புரவு. எங்கள் ஊரில் கேசிங்குக்குள் படிவது வெறும் தூசி இல்லை, உப்புக் கலந்த தூசி. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தகடுகளில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு வருகிற தூசியையெல்லாம் பிடித்து வைக்கும், பிறகு கச்சான் காலத்தில் காய்ந்து இறுகிப் பொருக்காகிவிடும். பூச்சு இல்லாத அலுமினியத் தகடு என்றால் வெள்ளைப் பொடி பூத்து அரிக்கவும் தொடங்கும், அதனால் எந்தக் கூலர் எடுத்தாலும் நிக்கல் பூசியதோ கறுப்புப் பூச்சு உள்ளதோ பார்த்து எடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் கூலரை அடிக்கடி துப்புரவாக்கத்தான் வேண்டும், அதிலிருந்து தப்ப வழியில்லை. அந்த வேலை எவ்வளவு சுலபம் என்பதுதான் கேள்வி.

டவரில் 120 மிமீ ஃபேன் இரண்டு கம்பிக் கொளுக்கிகளில் நிற்கிறது. கொளுக்கியை விலக்கினால் ஃபேன் கையோடு வந்துவிடும், புரொசசருக்கு மேல் இருக்கும் பாகம் அசையாது, இரண்டுக்கும் நடுவில் சூட்டைக் கடத்தும் தேர்மல் பேஸ்ட் கெடாது. தகடுகளுக்கு நடுவில் இடைவெளி தாராளமாக இருப்பதால் மெத்தென்ற பெயின்ட் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டு, கை புளோவரால் ஊதி, ஃபேன் இதழ்களை இலேசாக நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, காயவிட்டுத் திரும்பக் கொளுவினால் வேலை முடிந்தது. ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுழலவிட வேண்டாம்.

இதே துப்புரவைப் பெட்டிக் கூலரில் செய்யப் பாருங்கள். ஃபேன் தகடுகளுக்கு மேலேயே இறுக்கமாக உட்கார்ந்திருக்கும், அடியில் படிந்த ஊத்தை எடுபட வேண்டுமென்றால் கூலரை முழுதாகக் கழற்ற வேண்டும். கழற்றினால் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதிது போட வேண்டும். அதைவிடப் பெரிய தொல்லை அந்த நான்கு பிளாஸ்டிக் கால்கள். ஒவ்வொரு முறை கழற்றிப் பூட்டும்போதும் கால் நுனிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், சூட்டில் பிளாஸ்டிக் விறைத்தும் போகும். ஒரு கால் வடிவாகப் பிடிக்காவிட்டால் கூலர் ஒரு பக்கம் தூக்கி நிற்கும், வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது, டிகிரி மட்டும் ஏறும்.

தண்ணீர்க் கூலரில் பேஸ்டைத் தொட வேண்டியதில்லை, உண்மைதான். ஆனால் ரேடியேட்டர் தகடுகள் மெல்லியவை, மிக நெருக்கமானவை, பிரஷ்ஷை அழுத்தினால் வளைந்துவிடும். ஊத்தை சேருவதும் ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில். 240 மிமீ என்றால் இரண்டு ஃபேனுக்கும் சேர்த்து எட்டு நீள ஸ்குரூக்களைக் கழற்றினால்தான் அந்த இடத்தையே காணலாம், கேசிங்கின் மேல்தட்டில் பூட்டியிருந்தால் ரேடியேட்டரையும் இறக்க வேண்டிவரும்.

அப்புறம் பம்ப். டவரில் சுழலும் பாகம் ஃபேன் ஒன்றுதான், அது நின்றாலும் 120 மிமீ ஃபேன் எந்தக் கம்பனியுடையதாக இருந்தாலும் பொருந்தும், டவுனில் அன்றைக்கே வாங்கிக் கொளுவலாம். தண்ணீர்க் கூலரில் பம்ப் நின்றால் முழுத் தொகுதியும் போச்சு. பம்ப் ஓடினாலும் குழாய்களின் சுவர் வழியாகத் திரவம் வருடக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டேதான் இருக்கும், மூடிய தொகுதிகளில் பெரும்பாலானவற்றை வீட்டில் நிரப்பவும் வழியில்லை. எனக்குத் தெரிந்த ஸ்டூடியோ அண்ணா ஒருவரின் பம்ப் ஆவணி முகூர்த்த நேரத்தில் நின்றது. வாரண்டி இருந்தது, ஆனால் கொழும்புக்கு அனுப்பித்தான் மாற்ற வேண்டியிருந்தது, அது வரும்வரைக்கும் அவர் எடிட்டிங்குக்கு இன்னொருவரின் கொம்பியூட்டரைக் கேட்டுத் திரிந்தார். கல்யாண வீட்டுக்காரருக்கு இதையெல்லாம் சொல்லி விளங்கப்படுத்த முடியுமா?

பூட்டுவதில் டவர்தான் கொஞ்சம் கஷ்டம் என்பார்கள், ஒரு தடவை மட்டும் அது சரி. மதர்போர்டுக்குப் பின்னால் ஒரு தகடு வைக்க வேண்டும், பெரும்பாலான கேசிங்குகளில் அதற்கென்றே ஓட்டை வெட்டியிருப்பதால் மதர்போர்டை வெளியே எடுக்கத் தேவையில்லை. கூலரை வைக்க முன்பே மேல் இடது மூலையில் உள்ள 8 பின் பவர் வயரைச் செருகிவிடுங்கள், பிறகு கை போகாது. அடித்தட்டில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க வேண்டும். ஸ்குரூக்களை ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போகாமல் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால்தான் பேஸ்ட் சமமாகப் பரவும். ஃபேன் காற்றைக் கேசிங்கின் பின்பக்கம் தள்ளும்படி இருக்க வேண்டும், குறுக்குச் சட்டம் உள்ள பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். வயர் சிபியூ ஃபேன் என்று எழுதிய நான்கு பின் இடத்துக்குப் போகும், அங்கே ஒன்றும் செருகாவிட்டால் பல மதர்போர்ட்கள் தொடங்கும்போதே எரர் காட்டி நிற்கும்.

செகண்ட் ஹேண்ட் டவர் வாங்குபவர்கள் ஒன்று கவனியுங்கள். இன்டெல் புரொசசர் உட்காரும் பழைய 1200 சாக்கெட்டில் கூலர் பூட்டும் ஓட்டைகளுக்கு இடையே 75 மிமீ, 2021 இல் வந்த 1700 சாக்கெட்டில் 78 மிமீ. 1700க்கான சட்டம் கூடவே கிடைக்காவிட்டால் கூலர் பொருந்தாது. ஏகே400 உயரம் 155 மிமீ, உங்கள் கேசிங்கின் பக்கக் கதவு மூடுமா என்று அளந்து பார்த்துவிட்டே காசு கொடுங்கள்.

டவர் பூட்டிய பிறகு பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை செட்டிங்கில்) புரொசசரை 125 வாட்டுக்கு மட்டுப்படுத்தி வைத்திருக்கிறேன். கச்சான் பகலிலும் ரெண்டரில் 80களிலேயே நிற்கிறது, வேகம் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை. இன்னொன்று, பெட்டிக் கூலர் கீழ்நோக்கி ஊதுவதால் புரொசசரைச் சுற்றியுள்ள பவர் பாகங்களுக்கும் காற்றுப் படும். டவரில் அது குறைவு, தண்ணீரில் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. அந்தப் பாகங்களுக்கு மேல் உலோகக் கட்டி இல்லாத மலிவு மதர்போர்ட் என்றால் கேசிங்கின் பின்பக்க ஃபேன் கட்டாயம் வேண்டும்.

ஐ7-14700கே மாதிரி 253 வாட் வரை இழுக்கும் புரொசசரை முழு வேகத்தில் ஓட்ட வேண்டும் என்பவர்களுக்கு நான் டவரைச் சிபாரிசு செய்ய மாட்டேன், 360 மிமீ தண்ணீர்க் கூலர்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். நான் அதைப் பூட்டிப் பாவித்ததில்லை, ஆகவே அதை வைத்திருப்பவரிடம், முடிந்தால் கடலோரத்தில் வைத்திருப்பவரிடம் கதைத்துவிட்டு முடிவெடுங்கள். அடிக்கடி கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கும் தண்ணீர் நல்லது. டவரோடு கொழும்புக்குக் கொண்டுபோவதென்றால் 250 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கும் பயணம், கேசிங்கை நிமிர்த்தி வைக்காமல் மதர்போர்ட் படுக்கையாக இருக்கும்படி சரித்து வையுங்கள். நொக்டுவா என்எச்-டி15 மாதிரி ஒரு கிலோவுக்கு மேல் பாரமான டவர் என்றால் கழற்றித் தனியாகக் கொண்டுபோவதே பாதுகாப்பு.