பேரணாம்பட்டுல உக்காந்துக்கினு கூரியர்ல தோல் வாங்குன கதை: லெதர் டூலிங் கிட் ரிவ்யூ

நான் இருக்கறது பேரணாம்பட்டு. வி.கோட்டா ரோட்டுல ஏறி மலைய தாண்டுனா ஆந்திரா, இந்தப் பக்கம் எறங்குனா ஆம்பூர், அதுக்கு அப்பால வாணியம்பாடி. காத்து திரும்பி அடிச்சா, தோல் பதம் பண்ற டேனரி வாசனைக்கு ஜன்னல சாத்தற ஊரு. அப்படிப்பட்ட ஊர்ல உக்காந்துக்கினு 1,850 ரூபா குடுத்து கூரியர்ல தோல் வரவச்சேன். எங்க நைனா பார்சல பாத்துட்டு ஒண்ணுமே சொல்லல, டிவி சவுண்ட மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி வச்சாரு.

தோல்ல பூ, கொடின்னு அடிச்சி டிசைன் எடுக்கறாங்களே அந்த லெதர் டூலிங், அத கத்துக்கலாம்னு தான் இந்த பிகினர் கிட்டு வாங்குனேன். கம்பெனி பேரு வேணாம், ஒரே கிட்டு தான், நாலஞ்சு பேர்ல விக்கறாங்க, போட்டோ பாத்தாலே தெரிஞ்சிடும். உள்ள கோடு கிழிக்கற, கையிலயே சுழல்ற ஒரு ஸ்விவெல் கத்தி, அச்சு அடிக்கற 20 ஸ்டாம்ப், ஒரு பிளாஸ்டிக் சுத்தி, ஸ்பூன் மாதிரி ஒரு மாடலிங் டூல், ரோஜாப்பூ போட்ட டிரேசிங் ஷீட்டு, அப்புறம் கைக்குட்டை சைஸ்ல 4 பீஸ் பிரவுன் தோல்.

மொதல் நாள் வீடியோல சொன்ன மாதிரியே தண்ணி தொட்டு வச்சேன், தண்ணி உருண்டு ஓடிப்போச்சு, சரி இன்னும் கொஞ்சம்னு தேச்சி தேச்சி நனைச்சி, கோடு கிழிச்சி, ஸ்டாம்ப் வச்சி ஒரு மணி நேரம் டொக்கு டொக்குனு அடிச்சா கீழ் வீட்டு அக்கா மேல வந்து "இன்னாப்பா, அம்மி கொத்துறியா?"ன்னு கேட்டுட்டு போனாங்க. காலைல பாத்தா நான் அடிச்ச ரோஜா பாதி காணோம். தலகாணில கை வச்சி அழுத்துன மாதிரி தோல் திரும்பி மேல வந்துடுச்சி.

பக்கத்து வீட்டு பாய் டேனரில ரொம்ப வருஷம் வேல பாத்தவரு. அவருகிட்ட எடுத்துக்கினு போய் காட்டுனேன். கையில கூட வாங்கல, ஓரத்த மட்டும் பாத்துட்டு "தம்பி, இது குரோம் தோலு. ஷூவுக்கு போறது. இதுல நீ மலையையே தூக்கி அடிச்சாலும் நிக்காது"ன்னாரு. வெட்டுன ஓரத்துல நடுவுல நீலமா ஒரு சாயல், அத தான் பாத்திருக்காரு. குரோம் உப்புல பதம் பண்ணுன தோல் டிரம்முல இருந்து வரும்போதே நீலமா இருக்கும், அத தான் வெட் ப்ளூன்னு சொல்றாங்க. நல்லா வளையும், தண்ணிக்கு அசராது, ஆனா அடிச்ச அச்சு நிக்கவே நிக்காது. டூலிங்குக்கு மரப்பட்டைல பதம் பண்ணுன தோல் தான் வேணும், வெஜ் டேன். அது தண்ணிய குடிச்சி களிமண்ணு மாதிரி ஆகும், காஞ்சதும் அச்ச அப்படியே புடிச்சிக்கும்.

கடுப்பு என்னன்னா, அந்த வித்தை நம்ம ஊரு வித்தை. ஆவாரம்பட்டைல ஊறப்போட்டு, கடுக்காய் போட்டு முடிக்கறது. ஈ.ஐ. தோல்னு பேரு, ஈஸ்ட் இந்தியான்றது தான் ஈ.ஐ., புவிசார் குறியீடு கூட வாங்கிருக்கு. டப்பா மேல "டூலிங் லெதர்"னு அச்சடிச்சி உள்ள ஷூ தோல வச்சி அனுப்புறான், அதையும் எங்க ஊருக்கே அனுப்புறான். கேட்டதுக்கு "ஜென்யூன் லெதர் சார்"னு பதில். ஜென்யூன் தான்யா, யாரு இல்லன்னா?

பாய் வாணியம்பாடில யாரையோ புடிச்சி 3 மில்லிமீட்டர் கனத்துல வெஜ் டேன் மாட்டுத்தோல் ரெண்டு அடி வாங்கி குடுத்தாரு. ஆட்டுத்தோல் வேணாம், ரொம்ப மெல்லிசு, ஆழமா அடிக்க முடியாதுன்னாரு. அதுல ஸ்பாஞ்ச வச்சி தடவுன உடனே நெறம் இருட்டிச்சி பாருங்க, அப்பவே தெரிஞ்சிபோச்சு ரெண்டும் வேற வேற ஜாதி பொருள்னு. நனைச்ச உடனே அடிக்கக்கூடாது, பழைய நெறம் கிட்டத்தட்ட திரும்பி வரணும், ஆனா கன்னத்துல வச்சா ஜில்லுனு இருக்கணும், அந்த நேரத்துல அடிச்சா வெண்ணெய்ல அச்சு போட்ட மாதிரி எறங்குது. நகம் பட்டா கூட பிறை மாதிரி பதியுது, டம்ளர் அடில வைக்க நான் பண்ணுன கோஸ்டர்ல ரோஜா பக்கத்துல மூணு பிறை இருக்கு, கேக்கறவங்ககிட்ட டிசைன்னு சொல்லிக்கினு இருக்கேன்.

அடில வைக்க கிட்டுல கல்லு கெடயாது. ஆந்திரால இருக்கற குப்பம் ஊர்ல கிரானைட் பாலிஷ் பண்ற எடத்துல ஒடஞ்ச துண்டு ஒண்ணு கேட்டு வாங்கிட்டு வந்தேன், சும்மாவே குடுத்தாங்க. அடில பழைய டவல மடிச்சி, டேபிள் கால் இருக்கற எடத்துக்கு நேரா மேல வச்சி அடிங்க, சத்தம் பாதியா கொறையும். கீழ் வீட்டு அக்கா அதுக்கப்புறம் வரல.

இப்ப டூல்ஸ். ஸ்டாம்ப் எல்லாம் விலைக்கு பரவால்ல, ரெண்டுல மட்டும் ஓரத்துல பிசிறு இருந்துச்சி, உப்பு பேப்பர்ல தேச்சா சரியாச்சு. பெவலர்னு ஒண்ணு இருக்கும், வெட்டுன கோட்டுக்கு ஒரு பக்கம் அமுக்கி பூவ தூக்கி காட்டறது, அத ஒவ்வொரு அடிக்கும் பாதி தான் நகத்தணும், நான் அவசரத்துல தள்ளி தள்ளி வச்சதால எலி கடிச்ச வடை மாதிரி வந்துச்சி. இது டூல் மேல தப்பு இல்ல. ஸ்விவெல் கத்தி தான் மோசம். மொட்டை. தோல வெட்டல, இழுத்துக்கினு போச்சு. தோல் துண்டுல பச்ச பாலிஷ் தடவி ரெண்டு நாள் தீட்டுன பிறகு ஏதோ வெட்டுது. பிளாஸ்டிக் சுத்தி நல்லாருக்கு, கை வலிக்கல.

அந்த சுத்திய ஒரு நாள் காணோம்னு நைனாவோட இரும்பு சுத்திய எடுத்து அடிச்சிட்டு, ஈரத்தோலு மேலயே வச்சிட்டு தூங்கிட்டேன். காலைல சுத்தி இருந்த எடத்துல மை கொட்டுன மாதிரி கறுப்பு. பட்டைச்சத்தும் இரும்பும் ஈரத்துல சேர்ந்தா கறுப்பாகும்ன்றது அப்ப எனக்கு தெரியாது. பாய் சிரிச்சாரு, "காளாஸ்திரில துணிக்கு இப்படி தானே கறுப்பு ஏத்துறான், நீ தோலுக்கு ஏத்திருக்க"ன்னாரு. நெசம் தான், காளாஸ்திரி கலம்காரில துணிய கடுக்காய்ல முக்கி, இரும்பும் வெல்லமும் ஊறவச்ச தண்ணில வரைஞ்சா தான் அந்த கறுப்பு வருது. எலுமிச்சம்பழம் தேச்சேன், வெளிறுச்சி, முழுசா போவல.

அஞ்சுக்கு ரெண்டரை குடுக்கறேன், அதுவும் ஸ்டாம்புக்கும் சுத்திக்கும் தான். இந்த மாதிரி கிட் வாங்கறதா இருந்தா ஆர்டருக்கு முன்னாடி "வெஜ் டேனா"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க, ஜென்யூன்னு பதில் வந்தா விட்டுடுங்க. வந்த 4 பீஸ்ல ரெண்ட எங்க அக்கா கிரைண்டர் ஆடாம இருக்க கால் அடில வச்சிருக்கா, சூப்பரா புடிக்குதாம். ஸ்விவெல் கத்திக்கு தனியா நல்ல பிளேடு ஆர்டர் போட்டிருக்கேன், பாய் மாங்கா டிசைன்ல ஒரு சாவிக்கொத்து கேட்டிருக்காரு.