நீல பம்ப் மட்டும் போதுமா? ஆஸ்துமா மருந்துகள், ஓர் ஒப்பீடு

தைப்பூசத்துக்கு முன்னால் கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் வீட்டு அலமாரியை ஒழித்தபோது, ஆஸ்துமாவுக்கு வாயில் வைத்து இழுக்கும் நீல பம்புகள் (இன்ஹேலர்) காலியாக ஏழு சேர்ந்தன. சாமி மேடைக்குக் கீழே இரண்டு, பழைய கைப்பைகளில் மூன்று, தையல் மெஷின் டிராயரில் இரண்டு. எல்லாம் அம்மாவுடையவை, ஒரே வருடத்தில் தீர்ந்தவை. ஒன்றில் 200 பஃப், அதாவது 200 தடவை அடிக்கலாம். ஆக, நாளைக்கு ஏறக்குறைய நான்கு. "அடிச்சா அஞ்சு நிமிஷத்துல சரியாயிடுதுப்பா, அப்புறம் வேற மருந்து எதுக்கு?" என்றார் அம்மா.

அவர் சொன்னதில் பொய்யில்லை. நீல பம்பில் இருக்கும் சால்புட்டமால் மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நிமிடங்களில் வேலை செய்யும். 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். ஆனால் தசை இறுகுவது ஆஸ்துமாவின் ஒரு பாதிதான். குழாயின் உட்சுவர் வீங்கி, சளி ஊறிக்கொண்டே இருப்பது மறுபாதி. அந்த வீக்கத்தை நீல பம்ப் தொடுவதே இல்லை. மூச்சு இலேசானதும் நோயே போய்விட்டதாகத் தோன்றும். உள்ளே வீக்கம் அப்படியே இருக்கும். இரவு இரண்டு மணிக்கு இருமல் வந்து எழுப்புவது அதனால்தான். அளவுக்கு மீறி அடிக்க அடிக்க உடம்பு அந்த மருந்துக்குப் பழகி, பலனும் குறையும்.

ஆஸ்துமா சிகிச்சைக்கு உலக அளவில் வழிகாட்டும் ஜினா அமைப்பு 2019-இல் தன் பரிந்துரையை மாற்றியது. பெரியவர்களுக்கும் 12 வயதும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கும் நீல பம்பை மட்டும் கொடுத்து விட்டுவிடக் கூடாது என்றது. வருடத்துக்கு மூன்று பம்போ அதற்கு மேலோ தீர்ந்தால் கடுமையான இழுப்பு வரும் வாய்ப்பு கூடுகிறது. பன்னிரண்டை எட்டினால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது. அம்மாவின் கணக்கு ஏழு. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நீல பம்புக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டிய முதல் மாற்று, தினமும் எடுக்கும் தடுப்பு பம்ப். பியூடெசொனைட், பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு அதில் இருக்கும்; பெரும்பாலும் பழுப்பு அல்லது ஆரஞ்சு நிறம். வீக்கத்தைக் குறைப்பது இதுதான். ஆனால் அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பலன் தெரிய நாட்கள் ஆகும், சிலருக்கு வாரங்கள். அம்மாவுக்கும் இதைக் கொடுத்திருந்தார்கள். நாலு நாள் அடித்துவிட்டு மூலையில் வைத்துவிட்டார். ஒழுங்காக எடுப்பவர்களுக்கு இது நல்ல மருந்து. ஆனால் மூச்சு நன்றாக இருக்கும் நாளிலும் காலை மாலை மறக்காமல் எடுப்பவர்கள் எத்தனை பேர்?

இந்த இடத்தில்தான் மூன்றாவது வழி எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. பியூடெசொனைட்டும் ஃபார்மோடெரோலும் சேர்ந்த பம்ப். சிம்பிகார்ட் என்றால் பலருக்குத் தெரியும். ஃபார்மோடெரோல் சால்புட்டமால் போலவே சில நிமிடங்களில் மூச்சைத் திறக்கும். பலனோ 12 மணி நேரம் நிற்கும். அவசரத்துக்கு அடிக்கும் ஒவ்வொரு பஃப்பிலும் வீக்கத்துக்கான மருந்தும் உள்ளே போய்விடுகிறது. 2015, 2019 போலப் புகைமூட்டம் வந்து கோலாலம்பூர் வானம் சாம்பலாகும்போது மனிதர் கூடுதலாக அடிப்பார். தடுப்பு மருந்தும் தானாகக் கூடும். பக்கத்து வீட்டுச் சாம்பிராணியோ கொசுவர்த்தியோ கிளப்பிவிடும்போதும் அப்படித்தான். 2018-இல் வெளியான சிக்மா ஆய்வில், இலேசான ஆஸ்துமா உள்ளவர்கள் இதைத் தேவைப்படும்போது மட்டும் எடுத்தார்கள். மூச்சை உடனே திறக்க மட்டும் உதவும் நிவாரண பம்ப் எடுத்தவர்களைவிட இவர்களுக்குக் கடுமையான இழுப்பு 64 சதவீதம் குறைவாக வந்தது. அம்மாவுக்கு மருத்துவர் இதையே எழுதினார்: காலை மாலை ஒன்று, இழுப்பு வந்தால் மேலும் ஒன்று, எல்லாம் சேர்த்து நாளைக்கு 12-ஐத் தாண்டக் கூடாது.

இரண்டு மருந்து சேர்ந்த எல்லா பம்பும் இப்படி அவசரத்துக்கு உதவாது. ஊதா நிறத்தில் வரும் செரிடைடில் இருப்பது சால்மெடெரோல். அது மெதுவாக வேலை செய்யும். அதை வைத்திருப்பவர்களுக்கு நீல பம்ப் கூடவே வேண்டும். இழுக்கும் முறையும் வேறு. அமுக்கும் பம்பை நிதானமாக, ஆழமாக இழுக்க வேண்டும். சிம்பிகார்ட் டர்புஹேலரில் இருப்பது பொடி. ஒரே மூச்சில் வேகமாக இழுத்தால்தான் நுரையீரலுக்குப் போகும். நம் ஊர் ஈரக்காற்றில் மூடியைத் திருகி மூடாவிட்டால் அந்தப் பொடி கெட்டுவிடும்.

"ஸ்டீராய்டா? வேணாம்பா" என்று என் அத்தை பதறினார். பம்பில் எடுப்பது நாளைக்குச் சில நூறு மைக்ரோகிராம். அதைத் தவிர்த்து, பிறகு கடுமையாக இழுத்துப் படுக்கும்போது கொடுக்கும் பிரெட்னிசொலோன் மாத்திரை 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம். அது உடம்பு முழுக்கப் பரவும், சர்க்கரையை ஏற்றும். அடிக்கடி எடுத்தால் எலும்பையும் அரிக்கும். நம்மவர்களில் பலருக்குச் சர்க்கரை நோய் இருக்கிற நிலையில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று யோசியுங்கள். பம்ப் எடுத்த பிறகு வாய் கொப்பளித்தால் வாய்ப்புண்ணும் குரல் கம்முவதும் பெரும்பாலும் வராது. மொண்டிலுகாஸ்ட் மாத்திரை சிலருக்கு, முக்கியமாக மூக்கடைப்பும் உள்ளவர்களுக்கு உதவும். ஆனால் மனநிலை மாறுகிறதா என்று கவனிக்க வேண்டும். அமெரிக்க மருந்து ஆணையம் 2020-இல் அதற்குக் கடும் எச்சரிக்கை சேர்த்தது.

இன்னொரு போட்டி, கேஸ்; அதாவது மருந்தை ஆவிபோல் ஆக்கி முகமூடி வழியே கொடுக்கும் நெபுலைசர். இழுத்தால் கிளினிக்குக்கு ஓடி "கேஸ் வச்சா"தான் சரியாகும் என்பது இங்கே வேரோடிய நம்பிக்கை. உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்புக்கு, நீல பம்பை ஸ்பேசர் குழாயில் (பம்புக்கும் வாய்க்கும் நடுவே மருந்தைப் பிடித்து வைக்கும் வெற்றுக் குழாய்) மாட்டி 4 முதல் 10 பஃப் ஒவ்வொன்றாக இழுத்தாலே அதே பலன் கிடைக்கும். தென்னாப்பிரிக்காவில் 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலில் செய்த ஸ்பேசரே குழந்தைகளுக்குக் கடையில் விற்பதைப் போல வேலை செய்தது என்று 1999-இல் வந்த ஆய்வு காட்டியது. மலேசிய அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 வெள்ளிதான் (ரிங்கிட்). இழுப்பு வராத நாளில் போய், கையிலுள்ள பம்பை இழுத்துக் காட்டி, சரியா என்று கேட்டு வாருங்கள். இருக்கும் பம்பை நீங்களாகவே நிறுத்த வேண்டாம்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க மூச்சு போதாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், அல்லது பம்ப் அடித்தும் இழுப்பு இறங்காவிட்டால் எந்த மருந்து மேல் என்ற பேச்சுக்கே இடமில்லை. 999-ஐ அழையுங்கள்; ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியைப் படுக்க வைக்காமல் நிமிர்ந்து உட்கார வைத்து, கையில் இருக்கும் நிவாரண பம்பைத் தொடர்ந்து கொடுங்கள்.