வலது கணுக்கால் முறிந்து எட்டு மாதம்: ஆட்டோவில் தொடங்கி மறுபடி ஸ்டியரிங் வரை

போன ஜூன் மழையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில், பாசி பிடித்த வெட்டுக்கல்லில் வழுக்கி விழுந்தேன். வலது கணுக்காலில் இரண்டு பக்கமும் எலும்பு முறிவு. வீக்கம் வடிய நாலு நாள் காத்திருந்து அறுவை செய்தார்கள். ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ. இப்போது எட்டு மாதம் முடிந்துவிட்டது.

வீடு தக்கலைப் பக்கம். நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் வரும். கியர் போட்டு ஓட்டும் சின்னக் கார் ஒன்றும் ஸ்கூட்டர் ஒன்றும் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே நான் கேட்ட முதல் கேள்வி, எப்போது வண்டி ஓட்டலாம் என்பதுதான். இதே கேள்வியோடு இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் ஆறு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வாக்கர் வீட்டுக்குள்ளே சரி. ஆனால் எங்கள் ஊர் வீடுகளில் முற்றத்துக்கு இறங்க மூன்று நான்கு படியாவது இருக்கும். அங்கே வாக்கர் உதவாது. கிரட்சஸ், அதாவது அக்குள் கட்டைதான் வேண்டும். வாங்கின அன்றைக்கு அதன் உயரத்தை யாரும் சரிபார்த்துத் தரவில்லை. ஒரு வாரம் அக்குளில் தொங்கிக்கொண்டே நடந்தேன், இரண்டு கையும் மரத்துப் போயின. அப்புறம் பிசியோதெரபி செய்ய வந்த பெண்தான் இரண்டு ஓட்டை கீழே இறக்கி மாட்டினாள். அக்குளுக்கும் கட்டையின் மேல்பகுதிக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும், உடம்பின் பாரத்தை உள்ளங்கைதான் தாங்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கட்டையும் ஒடிந்த காலும் முதலில். இது பழகுகிறவரை ஒவ்வொரு படியிலும் நின்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டேன்.

மழைக்காலத்தில் கட்டையின் அடியில் இருக்கும் ரப்பர் புஷ்ஷைத் தினமும் பாருங்கள். தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் ஈர டைல்ஸில் எண்ணெயில் வைத்த மாதிரி போகும். நான் இரண்டு மாதத்தில் இரண்டு ஜோடி மாற்றினேன். வாசலில் ஒரு பழைய துண்டு போட்டு, உள்ளே வருமுன் புஷ்ஷைத் துடைப்பதையும் வழக்கமாக்கிக்கொண்டேன்.

வெளியே போக அந்த நாட்களில் ஆட்டோவைப் போல உதவிய வண்டி வேறில்லை. தளம் தாழ்வு. முதுகைக் காட்டி நின்று, முதலில் சீட்டில் உட்கார்ந்துவிட வேண்டும். பிறகு கைகளை ஊன்றி உள்ளே நகர்ந்து, வலதுபக்கக் கம்பியில் முதுகைச் சாய்த்து, காலைச் சீட்டின் நீளத்துக்கு நீட்டிக்கொள்ளலாம். பக்கத்து வீட்டு ஆட்டோக்கார அண்ணன் ஒவ்வொரு முறையும், "டீச்சர், பதறாதீங்க, நல்லா சாய்ஞ்சு இரிங்க, பிறகு எடுக்கேன்" என்பார். நான் சரி என்று சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை.

இரண்டு மாத விடுப்பு முடிந்ததும் கூட வேலை செய்யும் டீச்சரின் காரில் பள்ளிக்குப் போனேன். முன்சீட்டை முழுவதும் பின்னால் தள்ளி, சீட்டில் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை விரித்தால், உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புவது எளிது. வண்டி கிளம்புமுன் பையை உருவி எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பிரேக் போடும்போது ஆள் வழுக்குவார்.

மாமிக்கு என்னை நாட்டு வைத்தியம் பார்க்கும் வர்ம ஆசானிடம் கூட்டிப்போய் எண்ணெய் தடவிப் பிடிக்க வேண்டும் என்று ஆசை. எங்கள் மாவட்டத்தில் வர்ம ஆசான்கள் மேல் மக்களுக்குள்ள நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனாலும் பிளேட் வைத்த கால், எலும்பு கூடும்வரை யாரும் பிடித்துவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மாமியிடம் எக்ஸ்ரேயைக் காட்டி ஸ்க்ரூக்களை எண்ணச் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் வற்புறுத்தவில்லை.

ஆறாவது வாரம், எடை பார்க்கும் மெஷினை வாங்கி வைக்கச் சொன்னார்கள். வலது காலை அதன்மேல் வைத்து, முள் 10 கிலோவுக்கு வரும்வரை மட்டும் அழுத்த வேண்டும். கட்டையைப் பிடித்தபடி குனிந்து முள்ளைப் பார்க்கிறேன், 10 என்பது இவ்வளவு கொஞ்சமா! குதிகாலைச் சும்மா வைத்தாலே 6 காட்டியது. வாரம் போகப்போக 20, 30, அப்புறம் பாதி உடம்பு. பத்தாவது வாரம் வீட்டுக்குள் கட்டை இல்லாமல் நடந்தேன். நடக்கிறேன், வலி இல்லை, அப்படியானால் ஓட்டலாமே என்று மனம் சொன்னது. தவறு அங்கேதான்.

நடப்பது வேறு, பிரேக்கை ஒரே மிதியில் அடிவரை இறக்குவது வேறு. வலது கணுக்கால் முறிவுக்கு அறுவை செய்துகொண்டவர்களின் பிரேக் நேரத்தை அளந்து 2003இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஒன்பது வாரம் ஆன பிறகுதான் அவர்கள் பிரேக் போடும் நேரம் மற்றவர்களோடு ஒப்பிடும் அளவுக்கு வந்ததாம். அதுவும் சராசரிக் கணக்குதான். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு கிட்டத்தட்ட 14 மீட்டர் ஓடும். கால் 0.25 வினாடி பிந்தினால் மூன்றரை மீட்டர் கூடுதலாகப் போய் நிற்கும். நான் போகும் வழியில் வில்லுக்குறியிலோ சுங்கான்கடையிலோ ரோட்டைக் கடக்க நிற்கும் ஒரு பிள்ளைக்கு அந்த மூன்றரை மீட்டர்தான் எல்லாமே.

பதினோராவது வாரம் முற்றத்துப் பலாமரத்தடியில் காரை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். மகன் வெளியே நின்று நினைத்த நேரத்தில் பானெட்டில் தட்டுவான். தட்டியதும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க வேண்டும். முதல் தடவை கால் போய்விட்டது, ஆனால் மிதிக்கிற நொடியில் கணுக்கால் தானாகவே பின்வாங்கியது. மிதிக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன், கால் பயப்படுகிறது. பத்துத் தடவையில் ஏழு தடவை அப்படி. அன்றைக்குச் சாவியை எடுத்து மகனிடமே கொடுத்துவிட்டேன். பதின்மூன்றாவது வாரம் பத்துக்குப் பத்தும் தயக்கமில்லாமல் இறங்கியது. டாக்டரும் சரி என்ற பிறகுதான் ரோட்டில் எடுத்தேன். முதலில் குமாரகோவில் விலக்கு வரை மட்டும், ஞாயிற்றுக்கிழமை காலையில், வீட்டுக்காரர் பக்கத்தில். ஒரு வாரம் கழித்துத்தான் பார்வதிபுரம் பாலம் தாண்டிப் போனேன்.

இடையில் கொழுந்தன் தன் ஆட்டோமேட்டிக் காரைக் கொண்டுவந்து, "மைனி, கிளட்ச் இல்லையே, இடது காலால ஓட்டலாமே" என்றார். அன்பில்தான் சொன்னார். முற்றத்துக்குள் ஒரு தடவை முயன்று பார்த்தேன். இருபது வருடமாக கிளட்ச்சை அடிவரை மிதித்துப் பழகிய கால் அது. பிரேக்கைத் தொட்டதும் அதே மிதி மிதித்தது, நெற்றி ஸ்டியரிங்கில் இடிக்கப் பார்த்தது. இடது கால் ஒடிந்தவர்களுக்கு ஆட்டோமேட்டிக் பெரிய வரம். வலது கால் ஒடிந்தவர்களுக்கு அது தீர்வே இல்லை.

இன்னொன்று, மாத்திரை. வலி மாத்திரைகளில் தூக்கம் வரவைப்பவை உண்டு. டிரமடால் எடுத்த நாட்களில் எனக்குப் பகலிலேயே கண் சொருகியது. அதை நிறுத்தாமல் ஸ்டியரிங்கைத் தொடவே வேண்டாம். தன் உடல்நிலையால் ஆபத்து வரும் என்று தெரிந்தே ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 186ஆம் பிரிவில் குற்றம். முதல்முறை 1,000 ரூபாய் வரை, மறுமுறை 2,000 ரூபாய் வரை அபராதம்.

ஸ்கூட்டருக்கு இரண்டு பிரேக்கும் கையில்தானே, அதை முன்பே எடுக்கலாமே என்று பலரும் சொன்னார்கள். அனுபவத்தில் ஸ்கூட்டர்தான் காரைவிடப் பிந்தியது. சென்டர் ஸ்டாண்ட் போட வலது காலால்தான் மிதிக்க வேண்டும். நெருக்கமான பார்க்கிங்கில் வண்டியைப் பின்னால் தள்ள இரண்டு காலும் வேண்டும். மழையில் ரோட்டோரம் செம்மண் இளகிக் கிடக்கும்போது சட்டென்று எந்தக் காலை ஊன்றுவோம் என்பது நம் கையில் இல்லை. ஐந்தாவது மாதம்தான் எடுத்தேன், இன்றுவரை சைடு ஸ்டாண்ட் மட்டும்தான்.

பஸ்ஸில் முதல் படி எனக்கு முழங்கால் உயரம். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம். ஒரு நாள் நான் ஒரு காலைத் தரையில் வைக்குமுன்னே விசில் கொடுத்துவிட்டார்கள். கீழே நின்ற மீன்காரம்மா ஒருவர் கையைப் பிடித்திழுத்துக் காப்பாற்றினார். அதற்கப்புறம் ஏறியதுமே கண்டக்டரிடம், "கால் ஆபரேஷன் செய்திருக்கு, இறங்க நேரமாகும்" என்று சொல்லிவிடுவேன். சொன்ன பிறகு யாரும் அவசரப்படுத்தியதில்லை. வெளியே தெரியும்படி ஒரு கட்டையைக் கையில் வைத்திருப்பதும் நல்லது, கட்டு பிரித்த பிறகு நம் வலி யார் கண்ணுக்கும் தெரியாது.

ஏழாவது மாதம் விருந்தாளிகளோடு கன்னியாகுமரி போனேன். விவேகானந்தர் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்தார்களே, அந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடப்பது எனக்குச் சிரமமாக இல்லை. படகில் ஏறுகிற அந்த ஒரு அடிதான் சிரமம். அலையில் படகு ஆடும்போது கால் வைக்கிற இடம் ஏறி இறங்குகிறது, அதற்கேற்ப மடங்க என் கணுக்கால் இன்னும் பழகவில்லை. இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

இப்போது தினமும் கார்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டினால் வீங்குகிறது, அதனால் ஸ்டாஃப் ரூமில் காலைத் தூக்கி வைக்க மேஜைக்கடியில் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன். வார் இல்லாத செருப்போடு ஓட்டுவதை விட்டுவிட்டேன், குதிகாலில் வார் இருக்கும் செருப்பு ஒன்று காரிலேயே கிடக்கிறது. கிரட்சஸ் போன வாரம் இரண்டு வீடு தள்ளியிருக்கும் பெரியவருக்குப் போனது. புது ரப்பர் புஷ் மாட்டி, அவரை நிற்கவைத்து, அக்குளில் மூன்று விரல் வைத்துப் பார்த்துத்தான் கொடுத்தேன்.