எண்பதில் நிற்கும் பேட்டரி: டெபியனில் ஒரு பழைய திங்க்பேட்

மேசையை விட்டு நகராத மடிக்கணினியின் பேட்டரியை எப்போதும் நூறு விழுக்காட்டிலேயே நிறுத்தி வைத்தால் அதன் ஆயுள் குறையும். லித்தியம் அயனி செல் 4.2 வோல்ட் வரை ஏறி, நாள்கணக்கில் அங்கேயே நின்று, வெப்பமும் கூடச் சேர்ந்தால் சீக்கிரம் கெட்டுவிடும். அம்பாசமுத்திரத்திலோ பாளையங்கோட்டையிலோ சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கணினி ஓட்டுகிறவர்களுக்கு அந்த வெப்பத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. என் முந்தைய மடிக்கணினியின் பேட்டரி அப்பளம் போல உப்பி, தொடுபலகையையே மேலே தூக்கிவிட்டது. சார்ஜைப் பாதியில் நிறுத்தும் வசதி அதிலும் இருந்தது. ஆனால் தயாரிப்பாளர் அதை விண்டோஸில் மட்டும் ஓடும் தம்முடைய மென்பொருளுக்குள் பூட்டி வைத்திருந்தார். விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் இயங்குதளத்தைப் பயன்படுத்தும் எனக்கு அந்தச் சாவி கிடைக்கவே இல்லை.

கல்லிடைக்குறிச்சியில் தட்டச்சும் பக்க வடிவமைப்பும் செய்து கொடுக்கும் கடை என்னுடையது. கல்யாணப் பத்திரிகை, பள்ளி வினாத்தாள், பங்குனியிலும் ஆடியிலும் கோயில் கொடை நோட்டீஸ். வில்லுப்பாட்டுக் குழுவின் பெயரும் வரிதாரர் பட்டியலும் கடைசி நேரம் வரை மாறிக்கொண்டே இருக்கும். எல்லாமே டெபியன் என்ற லினக்ஸ் வகையில், தமிழ்99 விசைப்பலகையில்தான் நடக்கிறது. ஆகவே அடுத்த கணினி வாங்கும்போது எனக்கு ஒரே நிபந்தனைதான்: வன்பொருளை என் இயங்குதளத்திலிருந்தே நான் ஆள வேண்டும். இருபதாயிரம் ரூபாய்க்குள், பிறர் பயன்படுத்திய லெனோவோ திங்க்பேட் டி480 மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். 2018இல் வந்த மாடல். அதன் திரையையும் விசைகளையும் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது அதற்குள் ஓடும் டிரைவரை, அதாவது இயங்குதளத்தையும் வன்பொருளையும் இணைக்கும் நிரலைப் பற்றி.

லினக்ஸின் மையக்கருவான கெர்னலுக்குள்ளேயே இருக்கும் திங்க்பேட் ஏசிபிஐ டிரைவர்தான் அது. இந்தக் கணினிகள் ஐபிஎம் கையில் இருந்த காலத்தில் போரிஸ்லாவ் தெயானோவ் இதைத் தொடங்கினார். பிறகு என்ரிக்கே டி மோரைஸ் ஹோல்ஷூ நெடுங்காலம் பராமரித்தார். கணினியைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்குள், வன்பொருளையும் மின்சக்தியையும் கையாளத் தயாரிப்பாளர் எழுதி வைத்திருக்கும் ஏசிபிஐ கட்டளைகளை இந்த டிரைவர் அழைக்கிறது. அவை எம்பெடட் கன்ட்ரோலர் என்ற சிறு சிப்பைப் போய்ச் சேருகின்றன. சார்ஜ், விசிறி, விசைப்பலகை விளக்கு எல்லாம் அந்தச் சிப்பின் பொறுப்பு. யாரோ முன்பின் தெரியாத மனிதர்கள் பொறுமையாகச் சோதித்து எழுதி, எல்லோருக்கும் பொதுவில் வைத்த வேலை இது. அதன் பலன் என் கடை மேசை வரை வந்து சேர்ந்திருப்பதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே நெகிழ்ச்சியாக இருக்கிறது.

சார்ஜ் வரம்புக்கு வருவோம். முன்பு இதற்குக் கெர்னலுக்கு வெளியே தனி மாட்யூல்களை (கெர்னலோடு சேரும் துணை நிரல்களை) ஏற்ற வேண்டியிருந்தது. கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அவற்றையும் மறுபடி தொகுக்க வேண்டும். 2018இல் வந்த 4.17 பதிப்பு முதல் அந்தத் தொல்லை இல்லை. சிஸ் (/sys) கோப்பகத்துக்குள் பவர் சப்ளை (power_supply) என்ற இடத்தில் ஒவ்வொரு பேட்டரிக்கும் இரண்டு கோப்புகள் தெரிகின்றன. சார்ஜ் எப்போது தொடங்க வேண்டும் என்பது ஒன்று, எப்போது நிற்க வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதில் 75, இரண்டாவதில் 80 என்று எழுதினால் போதும். நாள் முழுக்க மின் இணைப்பில் கிடந்தாலும் பேட்டரி எண்பதைத் தாண்டாது; எழுபத்தைந்துக்குக் கீழே இறங்கும் வரை மறுபடி சார்ஜும் ஏறாது. வரம்பை நினைவில் வைத்திருப்பது எம்பெடட் கன்ட்ரோலர் என்பதால், கணினியை அணைத்துவிட்டுச் சார்ஜரைச் செருகினாலும் அது எண்பதிலேயே நிற்கிறது.

டி480இல் இரண்டு பேட்டரிகள் உண்டு. உள்ளே நிலையாக இருப்பதன் கொள்ளளவு 24 வாட்மணி. பின்னால் கழற்றி மாட்டுவது தனி. என்னுடையது 48 வாட்மணி. முதலில் வெளிப் பேட்டரி தீர்கிறது, பிறகுதான் உள் பேட்டரி. கணினி ஓடிக்கொண்டிருக்கும்போதே வெளிப் பேட்டரியைக் கழற்றி வேறொன்று மாட்டலாம். ஆடிக்காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்து மின்சாரம் போகும் பொழுதுகளில் இந்த ஏற்பாட்டின் அருமை தெரியும். எண்பது விழுக்காட்டிலும் நான்கு மணி நேரம் தட்டச்சு ஓடுகிறது. எனக்கு அது போதும்.

கோப்பில் எழுதுவதை ஒவ்வொரு முறையும் செய்யத் தேவையில்லை. டிஎல்பி என்ற சிறு மென்பொருள் டெபியன் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் எண்களை ஒருமுறை எழுதிவிட்டால் அது பார்த்துக்கொள்கிறது. வெளியூர் போகும்போது முழுச் சார்ஜ் வேண்டுமென்றால் அதற்கும் ஒரு கட்டளை உண்டு. மறுமுறை கணினியைத் தொடங்கும்போது பழைய வரம்பே திரும்பிவிடும். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் என்றாலே தயங்குகிறவர்கள் கேடிஇ பிளாஸ்மா என்ற திரைச்சூழலைப் பயன்படுத்தலாம். 5.20 பதிப்பு முதல் அதன் அமைப்புகளிலேயே வரம்பு எண்ணைக் கொடுக்க முடிகிறது. க்னோம் என்ற மற்றொரு திரைச்சூழலில் 2025 மார்ச்சில் வந்த 48ஆம் பதிப்பிலிருந்து பேட்டரி ஆயுளைக் காக்கும் ஒரு பொத்தான் வந்திருக்கிறது.

விசிறி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாகப் பேசுவேன். விசிறியின் வேகத்தை நாமே மாற்றும் கதவைப் பாதுகாப்புக்காக டிரைவர் மூடியே வைத்திருக்கிறது. மாட்யூல் அமைப்பில் ஒரு வரி சேர்த்து நாமாகத் திறந்தால் 0 முதல் 7 வரை வேகத்தைத் தேர்ந்தெடுக்கலாம். அதற்கும் மேலே முழு வேகம் ஒன்று. பூஜ்யம் என்றால் விசிறி நின்றுவிடும். திங்க்ஃபேன் என்ற மென்பொருள் வெப்பநிலையைப் பார்த்து வேகத்தை மாற்றுகிறது. அது செயலிழந்து, குறித்த நேரத்துக்குள் மறுகட்டளை வராவிட்டால் விசிறியைத் தானியங்கிக்குத் திருப்பும் காவல் ஏற்பாடும் டிரைவரில் இருக்கிறது. அதன் நேரத்தை அதிகபட்சம் 120 வினாடி வரை அமைக்கலாம். அருமையான முன்யோசனை. ஆனாலும் சாரல் விழும் மாதங்களில், இரவு அமைதிக்காக மட்டுமே நான் வேகத்தைக் குறைக்கிறேன். அக்கினி நட்சத்திரத்தில் தானியங்கியை யாரும் தொடவே வேண்டாம்.

விசைப்பலகை விளக்கும் மைக் மூடிய குறி விளக்கும் எதையும் நிறுவாமலே வேலை செய்தன.

குறையும் உண்டு. இந்த மாடலில் வரும் கைரேகை உணரிக்கு லினக்ஸின் அதிகாரபூர்வத் தொகுப்பில் டிரைவர் இல்லை. ஆர்வலர்கள் தனியாக எழுதியது ஒன்று கிடைக்கிறது. வாடிக்கையாளரின் ஆதார் நகலும் பத்திர வரைவும் இருக்கும் கணினி என்பதால் நான் அதை நிறுவவில்லை. கடவுச்சொல்லே போதும் என்று விட்டுவிட்டேன். கைரேகை அவசியம் என்பவர்கள் வேறு மாடல் பார்ப்பது நல்லது.

வேறு வகைக் கணினி வாங்குகிறவர்களுக்கும் வழி இருக்கிறது, ஆனால் ஒரே அளவில் இல்லை. அசுஸ் கணினிகள் பலவற்றில் 5.4 கெர்னல் முதல் மேல்வரம்பை மட்டும் வைக்கலாம். அதே லெனோவோவின் ஐடியாபேடுகளில் எண் கொடுக்க முடியாது. பேட்டரியைக் காக்கும் முறையை இயக்கலாம் அல்லது அணைக்கலாம், அவ்வளவுதான். எந்த வரம்பும் வைக்க முடியாத கணினிகளும் உள்ளன. பெட்டியின் மேல் இதை யாரும் அச்சடிப்பதில்லை.

அதனால் பணம் கொடுக்கும் முன்பே பாருங்கள். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் நான் வாங்கிய கடைக்கு நிறுவாமலே ஓடும் டெபியன் லைவ் பதிப்பை ஒரு பென்டிரைவில் கொண்டுபோயிருந்தேன். "இதிலிருந்து ஒருமுறை தொடங்கிப் பார்க்கலாமா தம்பி?" என்று கேட்டேன். "தாராளமாகப் பாருங்கள் அக்கா, வன்தட்டில் எதுவும் அழியாது என்றால் சரி" என்றார். அழியாது. தொடங்கியதும் பவர் சப்ளை கோப்பகத்தைத் திறந்து, தொடக்க வரம்பும் முடிவு வரம்பும் இருக்கின்றனவா என்று பார்த்தேன். அங்கேயே இன்னும் இரண்டு எண்கள் கிடைக்கும்: பேட்டரி புதிதாக இருந்தபோது எத்தனை வாட்மணி, இப்போது முழுச் சார்ஜில் எத்தனை வாட்மணி. இரண்டையும் ஒப்பிட்டதில் உள் பேட்டரி நன்றாக இருந்தது; வெளிப் பேட்டரி பாதிக்கும் கீழே தேய்ந்திருந்தது. திரையைத் திருப்பிக் காட்டினேன். தம்பி எண்களைப் பார்த்துவிட்டு, பேச்சு வளர்க்காமல் புதிய வெளிப் பேட்டரிக்கான தொகையை விலையில் கழித்துக்கொண்டார்.